ஆசிரியர் தன் நம்பிக்கையைத் திணிக்கிறாரா? 31 வருடம் வகுப்பில் நின்றவனின் பதில்

ஒரு தாய் கேட்டிருந்தார்: "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு சமூக அறிவியல் எடுக்கும் சார் பாடத்துக்கு நடுவில் தன்னுடைய அரசியலையும், கடவுளைப் பற்றிய தன் கருத்தையும் அடிக்கடி சொல்கிறாராம். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தானா? இது தப்பில்லையா? நாங்கள் என்ன செய்யலாம்?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஆமாம், ஆசிரியர்கள் திணிக்கிறார்கள். எல்லாரும் அல்ல, எந்நேரமும் அல்ல, ஆனால் திணிக்கிறார்கள். நான் 31 வருடம் அரசுப் பள்ளிகளில் வரலாறு எடுத்தவன். நானும் திணித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு மற்ற ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். கல்லூரியில் படிக்கும்போதே பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவன் நான். பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பதுதான் என் வேலை என்று உறுதியாக நம்பினேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். அது ஒரு கார்த்திகை மாதம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஐயப்பனுக்கு மாலை போட்டு, வெறுங்காலோடு வந்திருந்தான். பள்ளி வளாகம் முழுக்க நெருஞ்சி முள். காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டே வகுப்புக்குள் வந்தவனை நிற்க வைத்து, "உங்க சாமிக்கும் செருப்புக்கும் என்னடா பகை?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்கு அது ஒரு நல்ல கேள்வியாகத் தெரிந்தது. அவன் யோசிப்பான் என்று நினைத்தேன்.

மறுநாள் அவன் செருப்போடு வந்தான். அடுத்த நாளும். சரி, பையன் புரிந்துகொண்டான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் மணி அடித்த பிறகு ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியே தற்செயலாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் அந்தப் பையன் புளியமரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒரு மஞ்சள் பையில் சுற்றி, புத்தகப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். காலையில் வீட்டிலிருந்து வெறுங்காலோடு வந்து, அதே மரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். வீட்டில் விரதம். பள்ளியில் என் கேலி. 12 வயதுப் பையன் இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அவன் நம்பிக்கை ஒரு துளியும் மாறவில்லை. என்னிடம் அதை ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிந்திக்க வைக்கிறேன் என்று போனவன் ஒரு பையனின் வாயை அடைத்துவிட்டேன்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திணிப்பு என்றதும் நம் கண்ணில் எதிர்த்தரப்பு ஆள்தான் வருவார். பக்தருக்கு நாத்திக வாத்தியார். நாத்திகருக்கு விபூதி பூசிய வாத்தியார். ஒரு மதத்தவருக்கு இன்னொரு மதத்து டீச்சர். நம் கருத்தோடு ஒத்துப்போகிற ஆசிரியர் அதே காரியத்தைச் செய்தால் "நல்ல விஷயத்தைத்தானே சொல்லிக் கொடுக்கிறார்" என்று விட்டுவிடுவோம். உங்கள் மகளின் சார் சொல்வது உங்களுக்குப் பிடித்த கட்சியாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்களில் நான் பலரிடம் நேராகவே கேட்ட கேள்வி இது.

ஆசிரியருக்கு ஒரு நம்பிக்கை இருப்பதும், அது பிள்ளைகளுக்குத் தெரிவதும் தவறில்லை. ஊருக்குள்ளேயே இருப்பவர். எந்தக் கோயிலுக்குப் போகிறார், எந்தப் பத்திரிகை வாங்குகிறார் என்று டீக்கடைக்கே தெரியும். அதைப் பிள்ளைகளிடம் மூடி மறைப்பது நடக்கிற காரியம் இல்லை. நான் பார்ப்பது வேறொன்று: அந்த நம்பிக்கையை ஏற்காத பிள்ளைக்கு ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருக்கிறதா? கேலி, ஓரங்கட்டல், மார்க், சாரின் முகம் மாறுவது, லீடர் பொறுப்பு போவது, எதுவாகவும் இருக்கட்டும். மறுப்பதற்கு விலை வைத்தால் அது திணிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் இன்டர்னல் என்று ஆசிரியர் கையில் இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு அந்த 10 எப்போதும் ஞாபகத்தில் இருக்கும்.

சமீபத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 28, சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைத்து வந்த ஓர் ஆன்மிகப் பேச்சாளர் முன்ஜென்மப் பாவம், கர்மவினை என்று பேசினார். உடல் குறையோடு பிறப்பதற்கும் அதுதான் காரணம் என்கிற மாதிரி பேச்சு போனது. அந்த மண்டபத்தில் பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர் சங்கர் இருந்தார். எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பேச்சாளர் அவரோடு மேடையிலிருந்தே வாக்குவாதம் செய்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் காணொளி பரவியது. தலைமை ஆசிரியர் இடமாற்றம், பேச்சாளர் கைது, அமைச்சர் பள்ளிக்கு வந்து ஆசிரியரைப் பாராட்டியது எல்லாம் அடுத்தடுத்து நடந்தன.

அந்தக் காணொளியைப் பார்த்தபோது என் கண் பிள்ளைகள் பக்கம்தான் போனது. அத்தனை பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மனதில் கேள்வி எழுந்திருக்கும்! வீட்டில் மாற்றுத்திறனாளித் தம்பியோ அக்காவோ இருக்கிற ஒரு பிள்ளை அங்கே இருந்திருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? எழுந்து நின்று கேட்டவர் ஓர் ஆசிரியர், அதுவும் அந்தப் பேச்சு தன் உடம்பைத் தொட்ட ஆசிரியர். ஒரு மாணவியால் அந்த இடத்தில் அதைச் செய்திருக்க முடியாது. முன் வரிசையில் டீச்சர்கள், மேடையில் விருந்தாளி, ஹெச்.எம். ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. மாலை போட்ட என் பையனுக்கு ஒரு புளியமரமாவது கிடைத்தது.

அப்போது பலர் கேட்டார்கள், "அரசுப் பள்ளியில் ஆன்மிகம் பேசக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்று. அரசியல் சட்டமே சொல்கிறது. பிரிவு 28, உட்பிரிவு 1: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இன்னும் முக்கியமானது, பெற்றோர் பலருக்குத் தெரியாதது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில், அது எந்த மதத்தார் நடத்துவதாக இருந்தாலும், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். காலைப் பிரேயரில் பைபிள் வாசித்தாலும் சரி, சுலோகம் சொன்னாலும் சரி, உங்கள் பிள்ளை அதில் சேராமல் இருக்க உரிமை உண்டு. மதங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது வேறு. அதற்குத் தடையில்லை என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்தி இயக்கமோ சூஃபிகளோ சீர்திருத்தத் திருச்சபையோ இல்லாமல் வரலாறு எப்படி நடத்துவது? அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதில் ஒன்றை வணங்கச் சொல்வது என் வேலை இல்லை.

இது எந்த ஒரு மதத்துக்கும் மட்டுமான விஷயம் இல்லை. 2022 ஏப்ரலில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளித் தையல் ஆசிரியை வகுப்பில் தன் மதத்தைப் பிரச்சாரம் செய்தார் என்று புகார் வந்து பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். வகுப்பில் பலமுறை சொன்ன கதைதான், ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை. கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும். தேசியகீதம் பாடும்போது மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. வருடக்கணக்கில் யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்து, சபையில் பிரச்சினையாக்கினார். அரசு அமைத்த விசாரணையே "பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை" என்று சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரியின் உத்தரவின் பேரில் தலைமை ஆசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார். கேரள உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதற்குப் பெயர். தீர்ப்பின் கடைசியில் வருவதை நான் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்றுக்கொடுக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போக விட வேண்டாம்.

தேசபக்தியும் திணிக்கக்கூடிய ஒன்றுதான் என்று இந்த வழக்கைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தேசியகீதம் பாடப் பிடிக்கும், உரக்கவே பாடுவேன். ஆனால் பாடாமல் நிற்கிற பிள்ளையை நான் என்ன செய்கிறேன் என்பதில்தான் என்னை எடைபோட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே தெரிகிறவை. மேடை, மைக், காணொளி, வழக்கு. ஒரு ஆசிரியர் தன் கருத்தை வாய்விட்டுச் சொன்னால் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும், உங்கள் மகள் சொன்ன மாதிரி. நீங்கள் கோபப்படலாம், மறுக்கலாம். இதைவிட ஆழமாக இறங்குவது வாய்விட்டுச் சொல்லாத நம்பிக்கை. அதை யாரும் பிரச்சாரம் என்று புகார் செய்வதில்லை, ஏனென்றால் அது வார்த்தையாக வருவதே இல்லை. யாரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறோம், யாரைப் பெருக்கச் சொல்கிறோம், அதிகாரி வரும்போது யார் கையில் தட்டைக் கொடுத்து வரவேற்க நிறுத்துகிறோம், எந்தப் பையனை முதல் பெஞ்சுக்கு வா என்கிறோம், இதில் இருக்கிறது அது.

2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்த விஷயம் வெளியே வந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஒரு பையனுக்கு டெங்குக் காய்ச்சல். எங்கே கொசு கடித்தது என்று அம்மா விசாரித்தபோது, பள்ளியில் கழிவறை கழுவும் இடத்தில் என்று பையன் சொல்லியிருக்கிறான். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அவன் சொல்லியே இருக்க மாட்டான். அது தனக்கு நடக்கிற சாதாரண விஷயம் என்று அந்தப் பிள்ளை ஏற்றுக்கொண்டுவிட்டது. தலைமை ஆசிரியை கைதானார். அதே வருடம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆசிரியை மாணவன் ஒருவனிடம் போனில் சாதி பார்த்துப் பேசிய ஒலிப்பதிவு வெளியாகி நடவடிக்கை எடுத்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்தார். 600 பக்கத்துக்கு மேல். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றைத் தடுப்பது பற்றித்தான் வெளியே அதிகம் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது ஆசிரியர்களைப் பற்றிய பகுதி. தலைமை ஆசிரியரும் கல்வி அதிகாரிகளும் அந்தப் பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஆசிரியர்களைக் காலமுறைப்படி இடமாற்ற வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி மாணவனைக் கூப்பிடக் கூடாது என்று பரிந்துரைத்தார். மாணவன் கையில் இருக்கும் கயிற்றை ஒரு நாளில் அறுத்துவிடலாம். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யார் யாரோடு சேர்ந்து உட்கார்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் வராந்தாவில் போகிறபோதே பார்த்துக்கொண்டு போகிறார்கள். என் பணிக்காலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் மூன்று கூட்டமாகச் சாப்பிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதும் மூன்று கூட்டமாகத்தான். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். "நல்லா படிக்கிற, ஆனா உனக்கு எதுக்கும்மா மேத்ஸ் குரூப்?" என்று ஒரு டீச்சர் அன்பாகவே சொல்வார். அந்த அன்புதான் சிக்கல். அந்தப் பிள்ளை அதை ஒரு கருத்து என்றே எடுத்துக்கொள்ளாது, அக்கறை என்று எடுத்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாதவிடாய் என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாம் எல்லாரும் பார்த்தோம். வீட்டில் கேட்டுக்கொண்டதால்தான் தனியாக உட்கார வைத்தோம் என்று பள்ளித் தரப்பில் சொன்னார்கள். வீட்டில் எது கேட்டாலும், பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பெஞ்ச் என்று ஒன்று உண்டு. அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை.

அறிவியல் ஆசிரியர்களையும் விட முடியாது. பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் இருக்கிறது. "இதை மார்க்குக்குப் படிங்க, நம்பணும்னு அவசியம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். பாடம் முழுக்கச் சரியாக நடத்துவார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், 51ஏ பிரிவில். ஆசிரியருக்குக் குடிமகனைவிடக் கொஞ்சம் கூடுதல் கடமை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். "சாதி ஒழிய வேண்டும், ஆணும் பெண்ணும் சமம் என்று நீங்கள் சொல்வதும் உங்கள் நம்பிக்கைதானே? அதைச் சொன்னால் மட்டும் திணிப்பு இல்லையா?" ஒரு பெற்றோர் என்னிடம் ஹெச்.எம். அறையில் வைத்தே இதைக் கேட்டார். வைக்கம் போராட்டப் பாடம் நடத்தியதற்காக வந்திருந்தார்.

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். நம் பாடப் புத்தகங்களில் பல வருடம் முன்பக்கத்தில் மூன்று வரி அச்சாகி வந்தது: தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். நீங்களும் படித்திருப்பீர்கள், நானும் படித்தேன். அது எந்த ஆசிரியரின் சொந்தக் கருத்தும் இல்லை. அரசியல் சட்டத்தின் பிரிவு 17 தீண்டாமையை ஒழித்துவிட்டது. நாடு முடிவு செய்துவிட்ட விஷயம். பிரிவு 17-ஐ "சிலர் இப்படியும் சொல்கிறார்கள், சிலர் அப்படியும் சொல்கிறார்கள்" என்று நடத்தினால் அதுதான் துரோகம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து தேர்வில் கேள்வி வராது. அதனால் அந்தப் பக்கத்தை யாரும் நடத்தவில்லை. புரட்டிவிட்டு முதல் பாடத்துக்குப் போய்விடுவோம்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது, கடவுள் உண்டா, மதுவிலக்கு வேண்டுமா, இந்த அணையைக் கட்டலாமா என்பதெல்லாம் வேறு வகை. விவரம் தெரிந்த, நல்ல மனசுள்ள பெரியவர்களே இரண்டு பக்கமும் நிற்கிற கேள்விகள் இவை. அங்கேதான் ஆசிரியர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது ஜெர்மனிக்காரர்கள். நாஜிக்கள் பள்ளிக்கூடத்தை வைத்தே ஒரு தலைமுறையைப் பிடித்தார்கள். அதனால் போருக்குப் பிறகு, வகுப்பறையில் அரசியல் எதுவரை என்பது அவர்களுக்கு உயிர்போகிற கேள்வியாக இருந்தது. 1976-ல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் வலது, இடது எல்லாத் தரப்புக் கல்வியாளர்களும் கூடிப் பேசினார்கள். பேசி முடித்தபோது மூன்று விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மாணவன் தானாக ஒரு முடிவுக்கு வர விடாமல் அவனை அமுக்கி நம் கருத்துக்குள் தள்ளக் கூடாது. அறிஞர்கள் மத்தியிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் சொந்த நிலைமையையும் தன் நலனையும் வைத்து அரசியலை எடைபோட மாணவனுக்குத் திறமை வர வேண்டும். ஆசிரியருக்குக் கருத்தே இருக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. சர்ச்சை இல்லாததைச் சர்ச்சையாக்கு என்றும் சொல்லவில்லை. யூதர்களைக் கொன்றது சரியா தவறா என்று அங்கே யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டத்தில் இதையே இரண்டு பிரிவுகளில் வைத்திருக்கிறார்கள்: கட்சி சார்ந்த கருத்தைப் பாடத்தில் பரப்பக் கூடாது, அரசியல் விஷயம் வந்தால் எதிர்க்கருத்தையும் சமநிலையாகக் காட்ட வேண்டும். நம் ஊரில் அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலில் இறங்குவதைத்தான் தடுக்கின்றன. வகுப்புக்குள் ஒரு சர்ச்சையை எப்படி நடத்துவது என்று எனக்கு பி.எட்.-டில் யாரும் சொல்லித்தரவில்லை. செருப்பு விஷயத்தில் நான் விழுந்தது அதனால்தான் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், ஆனால் சொல்லித்தந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

பயந்து ஒதுங்குவதும் இப்போது கூடிவருகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பையில் போன் வைத்திருக்கும் காலம். எதைச் சொன்னால் யார் வெட்டி ஒட்டிப் போடுவார்களோ என்று வரலாற்று ஆசிரியர்கள் பாதிப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போகிறார்கள். சாதி என்ற வார்த்தையே வாயில் வராமல் சமூக நீதிப் பாடத்தை முடிக்கிறவர்களைப் பார்த்தேன். ஒரு சமயம் மாற்றுப் பணிக்குப் போன பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இடஒதுக்கீடு எதுக்கு சார்? எங்க கிளாஸ்ல எல்லாரும் அதைப் பத்தி சண்டை போடுறாங்க, டீச்சர் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று கேட்டாள். அந்த டீச்சர் எதையும் திணிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பாதி ராத்திரியில் வாட்சப் ஃபார்வர்டுகளிடம் ஒப்படைத்துவிட்டார். அன்று இரண்டு பீரியட் எடுத்து, மண்டல் குழு என்றால் என்ன, எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள், ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள், நீதிமன்றம் 50 சதவீத வரம்பு என்று ஏன் சொன்னது, தமிழ்நாட்டில் 69 எப்படி வந்தது என்று எழுதிப் போட்டேன். கடைசியில் ஒரு பையன், "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்றான். சொன்னேன். சொல்லிவிட்டு, "இப்ப நான் சொன்னதுல ஓட்டை எங்க இருக்குன்னு யாராவது கண்டுபிடிங்க" என்றேன். அந்தப் பெண் கையைத் தூக்கிவிட்டு, பேசுவதற்கு முன்னால், "சார், மார்க் குறைச்சிட மாட்டீங்களே?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

தேர்தல் நேரத்தில் மட்டும் நான் பக்கத்தைச் சொல்ல மாட்டேன். "சார், யாருக்கு ஓட்டு?" என்று கேட்காத வருடம் இல்லை. "நாளைக்கு உங்க அப்பா அம்மா ஓட்டுப் போட வரும்போது பூத்ல உட்கார்ந்து விரல்ல மை வைக்கிற ஆள் நான். நான் எந்தக் கட்சின்னு உனக்குத் தெரிஞ்சா அவங்களுக்குச் சங்கடம்" என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

சரி, உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவளிடம் சார் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். என்ன வார்த்தை, எந்தப் பாடத்தின் போது. பிள்ளைகள் சுருக்கிச் சொல்லும்போது அர்த்தம் மாறிவிடும். பெரியாரைப் பற்றிய பாடம் நடத்தினாலே "சார் சாமி இல்லைன்னு சொல்றார்" என்று வீட்டில் போய்ச் சொன்ன பிள்ளைகள் எனக்கே உண்டு. அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "யாராவது மாற்றிப் பேசினார்களா? பேசினால் சார் என்ன செய்தார்?" அவர் சிரித்துக்கொண்டு "சரி, நீ ஏன் அப்படி நினைக்கிறே, சொல்லு" என்று கேட்கிறவராக இருந்தால், அவர் கருத்து உங்களுக்கு எவ்வளவு கசந்தாலும், உங்கள் மகளுக்கு நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார். விட்டுவிடுங்கள். பேசியவனைக் கேலி செய்தார், மிரட்டினார், மதத்தையோ சாதியையோ சொல்லி மட்டம் தட்டினார் என்றால் விடாதீர்கள்.

அப்போதும் நேராக அவரிடம்தான் முதலில் போக வேண்டும், கூட்டமாக இல்லாமல், போனில் ரெக்கார்டு போடாமல். பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தாங்கள் செய்வது தெரிவதில்லை. எனக்கு அந்தப் பையனின் அப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாரமே நிறுத்தியிருப்பேன். அவர் வரவில்லை, வாத்தியாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று நினைத்திருப்பார். பேசியும் மாறவில்லை என்றால் ஹெச்.எம்.-மிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான், அங்கே வையுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளையை மனம் நோகப் பேசுவதும் துன்புறுத்தல்தான் என்று கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்கிறது. பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உதவுவதும் பாடத்திட்டத்தின் வேலை என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. புகாரில் இந்த இரண்டு பிரிவையும் குறிப்பிடுங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் மகள் உங்கள் கருத்துக்கு மாறாக ஏதாவது சொன்னால், கடைசி வரை சொல்ல விடுங்கள். வீட்டில் ஒருமுறை அப்படிப் பேசி முடித்த பிள்ளைக்கு வகுப்பில் கை தூக்குவது கொஞ்சம் சுலபம்.